ஆகஸ்டில் ஏது இலையுதிர்காலம்? சீனப் பருவச் சமையல் பற்றி ஒரு விவாதம்

தென்காற்று:
தென்சீனாவின் குவாங்சோவில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை இங்கே சுவர்கள் வியர்க்கும். காயப்போட்ட துணி நான்கு நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். அப்போது கீழ்வீட்டு அம்மா சிவப்புப் பயறையும் பார்லி போன்ற யீமீ தானியத்தையும் மூன்று மணி நேரம் சிறுதீயில் வேகவிடுவார். உடலில் தங்கிய ஈரத்தை அது இறக்கும் என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. கோடையில் வெண்பூசணியும் பச்சைப்பயறும், குளிரில் இஞ்சி போட்ட ஆட்டிறைச்சி. வானத்தைப் பார்த்துச் சமைப்பதில் என்ன பிழை?

மருந்தாளுநர்:
சமையலில் பிழை இல்லை, காரணத்தில்தான் பிழை. ஆண்டை 24 பருவக் கூறுகளாகப் பிரிக்கும் சீன நாள்காட்டி வடக்கே மஞ்சள் ஆற்றுச் சமவெளியில் உருவானது. அதன்படி ஆகஸ்ட் 7 அல்லது 8-இல் இலையுதிர்காலம் பிறக்கிறது. அன்று உங்கள் ஊரில் சட்டை நனையும் வெயில் அல்லவா? அன்றே நுரையீரல் வறட்சிக்குப் பேரிக்காயும் வெண்காளானும் தேவை என்பதை எப்படி ஏற்பது?

தென்காற்று:
இங்கே யாரும் ஆகஸ்டில் அதைத் தொடங்குவதில்லை! வறண்ட வடகாற்று வீசி உதடு வெடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பேரிக்காயும் கற்கண்டும் அடுப்பேறும். நாள்காட்டி வடக்கே பிறந்திருக்கலாம், ஆனால் இந்தப் பெண்கள் தங்கள் ஊர்க்காற்றைத்தான் கேட்கிறார்கள். அந்த அறிவை நீங்கள் மிக எளிதாகத் தள்ளிவிடுகிறீர்கள்.

மிளகாய்வற்றல்:
தென்மேற்குச் சீனாவின் சோங்கிங்கில் இரண்டு கோடை இருந்தவள் நான். புழுக்கம் தாங்காத நாளில்தான் அங்கே கொதிக்கும் மிளகாய்க் குழம்பைச் சுற்றி அமர்கிறார்கள். காரம் வியர்வையோடு ஈரத்தை வெளியேற்றும் என்பார்கள். "குளிருக்கு முள்ளங்கி, கோடைக்கு இஞ்சி" என்று பழமொழியே உண்டு.

மருந்தாளுநர்:
நன்றி சகோதரி, நான் சொல்ல வந்ததும் அதுதான். ஓர் ஊரில் புழுக்கத்துக்குப் பூசணி, இன்னோர் ஊரில் அதே புழுக்கத்துக்கு மிளகாய். இரண்டுமே சரி என்கிறது கொள்கை. எதைச் சாப்பிட்டாலும் விளக்கம் தயாராக இருந்தால், அது தவறு என்று எப்போதுதான் தெரியவரும்? மாறாக, எலும்பையும் இறைச்சியையும் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால், உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் நீரில் இறங்குகிறது. யூரிக் அமிலம் மிகுந்து கீல்வாதம் (கவுட்) வந்தவர் அதைத் தினமும் குடித்தால் கால் விரல் வீங்கலாம். இதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

தென்காற்று:
பியூரின் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இந்தச் சமையல் பேசும் சூடு, குளிர்ச்சி என்பவை ஆய்வகச் சொற்கள் அல்ல. சாப்பிட்ட பின் உடல் என்ன சொல்கிறது என்பதற்கு மக்கள் வைத்த பெயர்கள். பப்பாளி சூடு, மோர் குளிர்ச்சி என்று வளர்ந்த நமக்கு அது புரியாததா?

மருந்தாளுநர்:
புரிகிறது ஐயா. என் பயம் பூசணியைப் பற்றியது அல்ல. ஆட்டிறைச்சி சூப்பில் இஞ்சியோடு டாங்குய் என்ற மூலிகை வேரும் போடுகிறார்கள். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் சீன மருத்துவர் ஜாங் ஜொங்ஜிங் எழுதிய மருந்து அது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த வேர் இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம். பொட்டலம் கட்டும்போது மூலிகைக் கடைக்காரர் அதைக் கேட்கிறாரா?

தென்காற்று:
என் மாமியாருக்காக வாங்கியபோது, உடம்பு சூடா குளிர்ச்சியா என்று கேட்டார். மாத்திரை பற்றிக் கேட்கவில்லை. மாமியார் வார்ஃபரின் சாப்பிடுகிறார். இன்றைய சூப்பில் டாங்குய் போடவில்லை; இஞ்சி மட்டும்.