பழைய ஜன்னல் பெயிண்டைத் தேய்த்த தூசு: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை

கேள்வி (வேலூர், கொசப்பேட்டை):
ஐயா, 1960களில் தாத்தா கட்டிய வீட்டைப் புதுப்பிக்கிறோம். நேற்று பெயிண்டர் ஒரு மர ஜன்னலை உப்புத்தாள் போட்டு அரை நாள் தேய்த்தார். மேலே பச்சை, அடுத்து மஞ்சள், மரத்தையொட்டி இளஞ்சிவப்பு என அடுக்கடுக்காக உரிந்து, ரேழித் தரையில் மாவு போலத் தூசு படிந்துவிட்டது. அதில் விளையாடிய என் மகன் விரலை வாயில் வைத்ததைப் பார்த்த பிறகுதான் பழைய பெயிண்டில் இருக்கக்கூடிய நச்சு உலோகமான ஈயத்தின் நினைவு எனக்கு வந்தது. வேலையை நிறுத்திவிட்டேன். இனி என்ன செய்வது?

பதில் (குடியாத்தம், பெயிண்டிங் கான்ட்ராக்டர்):
நிறுத்தியது நல்லதம்மா. வெள்ளை ஈயமும் செந்தூரமும் (சிவப்பு ஈயம்) கலந்த மர பிரைமர், அதாவது முதல் பூச்சு, அக்காலத்தில் இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். மஞ்சளிலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற ஈய வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய எனாமலை, சோதித்துப் பார்க்கும்வரை ஈயம் உள்ளதாகவே கருதுங்கள். வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

துடைப்பத்தால் பெருக்கவே பெருக்காதீர்கள். தூசு எழும்பி வீடெங்கும் பரவும். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் மீண்டும் ஒருமுறை துடைத்த பின், துணியையும் தூசையும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். வேலை முடியும்வரை குழந்தை வேறு வீட்டில் இருக்கட்டும். உரியாத இடத்தைச் சுரண்டாமல் கழுவி, மேலே புதுப் பெயிண்ட் அடித்தால் போதும். கதவும் நிலையும் உரசும் ஓரத்தை மட்டும் நனைத்துக்கொண்டே சுரண்ட வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு இத்தூசைத் தடுக்காது, என்95 அல்லது அதைவிட மேலான மாஸ்க் தேவை. பெயிண்டர் கைகழுவாமல் டீ குடிக்கக் கூடாது. வேலைத் துணியோடு தம் பிள்ளைகளிடம் போகவும் கூடாது.

பதில் (சத்துவாச்சாரி, செவிலியர்):
சகோதரி, அறிகுறி ஏதும் இல்லையென்று காத்திருக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமை எட்டினாலே, ஈயம் எங்கிருந்து வருகிறதென்று கண்டறிந்து நீக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையின் உடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும் என்பதால் அதையும் சேர்த்தே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தரையைத் துடைத்துவிட்டோம், மகன் அம்மா வீட்டில் இருக்கிறான். நெருப்பு காட்டிப் பெயிண்டை உரித்தால் தூசே வராது என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?

பதில் (குடியாத்தம்):
கூடவே கூடாதம்மா. அந்தச் சூட்டில் ஈயம் புகையாகி நேரே நுரையீரலுக்குள் போகும். கழற்றிய பழைய சட்டங்களையும் வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்துவிடாதீர்கள்.