அப்பாவுக்கு டிஸ்எபிலிட்டி பென்ஷன் ரிஜெக்ட், அப்பீல் எங்க போடணும்? அவசரம் (வேலூர்)

கணியம்பாடி_ரோடு
வணக்கம். அப்பா மிலிட்டரியில இருந்தவர். சுகர், பிபி ரெண்டும் சர்வீஸ்ல இருக்கும்போது வந்தது. டிஸ்எபிலிட்டி பென்ஷன் கிடையாதுன்னு லெட்டர் வந்திருக்கு. பேப்பர்ல சதவீதம் எடுத்துப் பார்த்தா "நில்"னு போட்டிருக்கு. அப்பீல் யாருக்கு எழுதணும்? ஃபார்மட் இருந்தா யாராவது அனுப்புங்க. அவசரம்.

பாலாறு_72
எந்த வருஷம் டிஸ்சார்ஜ்? லெட்டர் அனுப்பினது ரெக்கார்ட்ஸ் ஆபீஸா, பென்ஷன் கணக்கு பார்க்கற பிரயாக்ராஜ் பி.சி.டி.ஏ.வா? லெட்டர்ல என்ன தேதி? அப்பா சர்வீஸ் முடிச்சு வந்தாரா, மெடிக்கல்ல பாதியில அனுப்பினாங்களா, தானா எழுதிக் கொடுத்துட்டு வந்தாரா? இந்த நாலும் தெரியாம யார் பதில் சொன்னாலும் அது குத்துமதிப்புதான் தம்பி.

காட்பாடி_ஜங்ஷன்
ஸ்பர்ஷ் போர்ட்டல்ல லாகின் பண்ணி கிரீவன்ஸ் போட்டுடுங்க. எல்லாம் இப்ப ஆன்லைன்தான். சீக்கிரம் முடியும்.

சாப்_ஓய்வு
முடியாது. தவறான வழியைக் காட்டாதீர்கள். ஸ்பர்ஷ் என்பது பென்ஷனைக் கணக்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. நோய் பணியால் வந்ததா இல்லையா என்பதை அங்கே யாரும் முடிவு செய்வதில்லை. கிரீவன்ஸ் போட்டு "முடிக்கப்பட்டது" என்று பதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் அப்பீல் காலம்தான் கரையும்.

இழையைத் தொடங்கியவருக்கு: இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியாகிவிட்டது. ஒரு ஃபவுஜி வீட்டுப் பிள்ளை, ரேங்க், தேதி, மெடிக்கல் போர்டு போட்ட சதவீதம் எதுவும் இல்லாமல் "அவசரம்" என்று எழுதினால் எப்படி? பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் முழுவதும் படியுங்கள். "நில்" என்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சதவீதம் இரண்டு இடத்தில் வரும்.

கணியம்பாடி_ரோடு
மன்னிச்சிடுங்க. நான் மகள், தம்பி இல்ல. அப்பா ஹவில்தார். 24 வருஷம் முடிச்சு 31.05.2019 டிஸ்சார்ஜ். லெட்டர் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்ல இருந்து, 2019 நவம்பர். ரெண்டு இடம்னு நீங்க சொன்ன பிறகு பார்த்தேன். மேல பிபி 30%, சுகர் 20%, காம்போசிட் 40% ஃபார் லைஃப்னு இருக்கு. அதுக்குக் கீழதான் நில். பக்கத்துல என்.ஏ.என்.ஏ.

பாலாறு_72
சரிம்மா, இப்ப விஷயம் தெளிவாயிடுச்சு. நில்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்ல. 40% ஊனம் இருக்குன்னு போர்டே ஒத்துக்கிட்டு, அது பணியாலும் வரல, பணியால அதிகமாகவும் இல்லன்னு எழுதியிருக்காங்க. என்.ஏ.என்.ஏ.ன்னா அதுதான். அதனால பென்ஷனுக்குத் தகுதியான சதவீதம் நில். நீங்க சண்டை போட வேண்டியது அந்த ஒரு கட்டத்தோட மட்டும். சதவீதத்தைத் தொடாதீங்க, 20%க்கு மேல இருக்கறதால அது உங்களுக்கு சாதகமா இருக்கு.

தொரப்பாடி_தென்றல்
சி.எம்.சி.ல பெரிய டாக்டர்கிட்ட காட்டி, இது மன அழுத்தத்தால வந்த சுகர்னு ஒரு சர்டிபிகேட் வாங்கி வையுங்க. அது ஒண்ணு இருந்தா யாரும் மறுக்க முடியாது.

வழக்குத்தாள்
அந்த சர்டிபிகேட் இந்த அப்பீலுக்கு உதவாது. 2025-ல ஒரு டாக்டர் பார்த்து இன்னைக்கு சுகர் எவ்வளவு இருக்குன்னு சொல்லலாம். 2019-க்கு முன்னாடி எந்த போஸ்டிங்ல, எந்தச் சூழ்நிலையில வந்ததுன்னு அவரால சொல்ல முடியாது. அதுக்கு ஆதாரம் சர்வீஸ் பேப்பர் மட்டும்தான். அதனால முதல் வேலை ஆர்.டி.ஐ.

அப்பா பேர்ல, அப்பா கையெழுத்துல போடணும். மகள் போட்டா 8(1)(j) பிரிவைக் காட்டி, மூன்றாம் நபரோட சொந்தத் தகவல்னு திருப்பிடுவாங்க. ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் சி.பி.ஐ.ஓ.க்கு (தகவல் அதிகாரி) 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோட ஸ்பீடு போஸ்ட். ஆர்மி நம்பர், ரேங்க், பேர், டிஸ்சார்ஜ் தேதி தெளிவா இருக்கட்டும். கேட்க வேண்டியது: ரிலீஸ் மெடிக்கல் போர்டு நடவடிக்கை முழுசும், அதாவது ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 எல்லா பாகமும். முதல்ல லோ மெடிக்கல் கேட்டகிரிக்கு (உடல் தகுதி குறைஞ்ச பிரிவு) இறக்கின போர்டு பேப்பர். சேரும்போது எடுத்த மெடிக்கல். போஸ்டிங் விவரம் தேதியோட. ரிஜெக்‌ஷன் லெட்டர் நகல். "எல்லா ஆவணமும் தரவும்"னு மொட்டையா எழுதினா எது வேணும்னு கேட்டு ஒரு மாசம் இழுப்பாங்க. பதிலுக்குக் காலம் 30 நாள், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

ரெண்டு கேள்வி. 2019 லெட்டருக்கு அப்பறம் ஏதாவது அப்பீல் போட்டீங்களா? பிபி, சுகர் ரெண்டும் எந்த வருஷம், எந்த இடத்துல இருக்கும்போது கண்டுபிடிச்சாங்க?

ஆற்காடு_நண்பன்
ஒரு விஷயம் வெளிப்படையா கேட்கறேன், கோபப்படாதீங்க. சுகர் யாருக்குத்தான் வரல? வேலூர்ல தெருவுக்குப் பத்து பேருக்கு இருக்கு, அவங்க யாரும் பட்டாளத்துக்குப் போகல. மூணு வேளை சோறு, கேன்டீன் சரக்கு, அதனால வர்றதுக்கு அரசாங்கம் ஏன் பென்ஷன் கொடுக்கணும்? குண்டடி பட்டவங்களுக்குக் கொடுக்கறது நியாயம்.

பாலாறு_72
இந்தப் பேச்சுதான் வலிக்குது. பட்டாளத்துல எடுக்கும்போது ரத்தம், சிறுநீர், நெஞ்சு அளவு, கண்ணு எல்லாம் பார்த்து, சின்னக் குறை இருந்தாக்கூட வெளிய தள்ளிட்டுத்தான் எடுக்கறாங்க. 20 வருஷம் தூக்கம் கெட்ட ராத்திரி டியூட்டி, மலை மேல டப்பா சாப்பாடு, வருஷத்துல பத்து மாசம் குடும்பத்தை விட்டுட்டு இருக்கற வாழ்க்கை. அதைச் சோத்துக் கணக்குல சேர்க்காதீங்க.

ஆற்காடு_நண்பன்
பீஸ் ஸ்டேஷன்ல, அதாவது சண்டை இல்லாத ஊர் முகாம்ல, ஆபீஸ் வேலை பார்த்தவருக்கும் அதே நியாயமா?

சாப்_ஓய்வு
இருவரும் நிறுத்துங்கள். இதற்குப் பதில் அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16-இல், பணியில் சேருவதற்கு முன்பே நோய் இருந்ததா என்று ஒரு கேள்வி. சிப்பாயின் சொந்த அலட்சியத்தாலோ தவறான நடத்தையாலோ வந்ததா என்று இன்னொரு கேள்வி. போர்டு இரண்டுக்கும் "இல்லை" என்று எழுதியிருந்தால், சாப்பாட்டைப் பற்றிப் பிறகு யாரும் பேச முடியாது. எழுதியவர்கள் ராணுவ டாக்டர்களே.

சட்டமும் அப்படித்தான். தரம்வீர் சிங் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், பிறகு வந்ததற்குப் பணிக்குத் தொடர்பில்லை என்று காட்ட வேண்டியது அரசு. போர்டு காரணம் எழுதாமல் என்.ஏ.என்.ஏ. போட்டால் செல்லாது.

வழக்குத்தாள்
சாப், அதுல ஒரு திருத்தம். தரம்வீர் சிங் 1982 என்டைட்டில்மென்ட் விதியை (ஊன பென்ஷன் யாருக்கு உண்டுன்னு சொல்ற விதி) வச்சு வந்தது. இவங்க அப்பா 2019 டிஸ்சார்ஜ், அதனால 2008 என்டைட்டில்மென்ட் விதிகள். 21.09.2023-க்கு அப்பறம் வந்தவங்களுக்கு 2023 விதிகள், அது வேற கதை. பழைய தீர்ப்பு பேரை மட்டும் அடுக்கினா "பணியாலதான் வந்ததுங்கற அனுமானம் 2008 விதியில இல்லை"ன்னு அரசு வக்கீல் எழுந்து நிப்பார். 2019-ல நர்சிங் யாதவ் வழக்குல, மனநோய் விஷயத்துல உச்ச நீதிமன்றமே சும்மா அனுமானம் பண்ண முடியாதுன்னு சொல்லியிருக்கு, அதையும் எடுத்து நீட்டுவாங்க.

ஆனா 2008 விதி 7-லயும், சாதாரணமா நிரூபிக்கற சுமை கேட்கறவர் மேல இல்லைன்னுதான் இருக்கு. டிஸ்சார்ஜ் ஆகி 15 வருஷத்துக்கு அப்பறம் கேட்டா மட்டும் சுமை நம்ம பக்கம் திரும்பும். இவங்களுக்கு 2034 வரைக்கும் அந்தப் பயம் இல்ல. 2025 மார்ச்சில டெல்லி உயர் நீதிமன்றம் இதே 2008 விதியில, இதே சுகர் விஷயத்துல, பீஸ் ஸ்டேஷன்ல வந்ததுன்னு மட்டும் சொல்லி மறுக்க முடியாது, போர்டு காரணம் எழுதணும்னு சொல்லியிருக்கு. ஆற்காடு நண்பர் கேட்டதுக்கும் அதுதான் பதில்.

சாப்_ஓய்வு
திருத்தம் சரி. ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு விதியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கணியம்பாடி_ரோடு
2020 பிப்ரவரியில ஒருத்தர் மூலமா அப்பீல் அனுப்பியிருக்காங்களாம், அப்பா இப்பதான் சொல்றார். ஸ்பீடு போஸ்ட் ரசீது இருக்கு. பதிலே வரல. சுகர் 2011, பீஸ். பிபி 2014, அப்போ யூனிட் காஷ்மீர் குப்வாரால. இன்னொருத்தர் ஏ.எஃப்.டி.ல (ராணுவத் தீர்ப்பாயம்) கேஸ் போட்டு வாங்கித் தரேன், வர்ற அரியர்ஸ்ல 25% கொடுங்கன்னு கேட்கறார். சரின்னு சொல்லலாமா?

பாலாறு_72
வேண்டாம்மா. கேஸ்ல வர்ற பணத்துல பங்கு பேசறது வக்கீலுக்கு பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. வக்கீல் இல்லாத ஆள்னா இன்னும் மோசம், அரியர்ஸ் அப்பா அக்கவுண்டுக்கு வந்த அன்னைக்கு வாசல்ல வந்து நிப்பாங்க. கையெழுத்துப் போட்ட வெத்துத்தாள், பிளாங்க் செக் எதுவும் கொடுக்காதீங்க. 2025 ஜூலையில தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு (நால்சா) வீர் பரிவார் சகாயதா யோஜனான்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சிருக்கு, முன்னாள் படைவீரர் குடும்பத்துக்கு இலவச சட்ட உதவி. வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல கேளுங்க. சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் கேட்கலாம்.

வழக்குத்தாள்
குப்வாரான்னு நீங்க போட்ட ஒரு வார்த்தை மொத்த கேஸையும் மாத்துது.

ராணுவ டாக்டர்கள் பின்பற்ற வேண்டிய கைட் டு மெடிக்கல் ஆபீசர்ஸ் 2002-ல, 2008 திருத்தத்தோட, பாரா 43 ரத்த அழுத்தத்துக்கு. ஃபீல்டு, ஹை ஆல்டிட்யூட், சி.ஐ. ஆப்ஸ் (கிளர்ச்சி எதிர்ப்பு நடவடிக்கை) பகுதியில பணியில இருக்கும்போது பிரைமரி ஹைப்பர்டென்ஷன் வந்தா, அது பணியால அதிகமானதுன்னு ஏத்துக்கணும். குப்வாரால யூனிட் இருந்தும் என்.ஏ.என்.ஏ. போட்டிருந்தா அது அவங்க கைடுக்கே விரோதம். சுகருக்கு பாரா 26, அதுவும் ஃபீல்டுல வந்தாத்தான்னு சொல்லும். உங்களுது 2011, பீஸ், அதனால அது கஷ்டமான பக்கம்.

இப்ப கணக்கைப் பாருங்க. ரவுண்டிங் ஆஃப்ல, அதாவது சதவீதத்தை மேல ஏத்தி முழுசாக்கறதுல, 20-லிருந்து 49 வரைக்கும் எதுவா இருந்தாலும் 50% ஆகும். 50-லிருந்து 75 வரை 75%, 76-க்கு மேல 100%. பிபி 30% மட்டும் ஜெயிச்சாலும் 50%, ரெண்டும் சேர்ந்து 40% ஜெயிச்சாலும் அதே 50%. பணம் ஒண்ணுதான். அதனால மனுவுல முதல்ல பிபி, பாரா 43. சுகரை டெல்லி தீர்ப்போட ரெண்டாவதா வையுங்க. முதல் பக்கத்துலயே சுகரைத் தூக்கிப் பிடிச்சா, சற்று முன் இங்க நடந்த அதே சோத்துச் சண்டை கோர்ட்லயும் நடக்கும்.

தொகை உதாரணத்துக்கு: கடைசி பேசிக் 39,900, எம்.எஸ்.பி. (ராணுவப் பணி ஊதியம்) 5,200, மொத்தம் 45,100. 100% ஊனத்துக்கு அதுல 30%, அதாவது 13,530. 50%க்கு 6,765, அதுக்கு மேல டி.ஆர். (அகவிலை நிவாரணம்). ரவுண்டிங் இல்லாம 40%ன்னா 5,412. சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கு ஆபீஸ்ல தானா ரவுண்டிங் பண்ண மாட்டாங்க, அதனால மனுவுல தனியா கேட்கணும். 2014 டிசம்பர் ராம் அவதார் தீர்ப்பு அதுக்குத்தான்.

சாப்_ஓய்வு
வழி பற்றி. முதல் அப்பீல் ரெக்கார்ட்ஸ் மூலமாக டெல்லியில் ஏ.சி.எஃப்.ஏ.வுக்கு (முதல் அப்பீல் குழு) போகும், காலம் ஆறு மாதம். அது தள்ளுபடியானால் எஸ்.ஏ.சி.பி.க்கு (பென்ஷன் இரண்டாவது அப்பீல் குழு) இரண்டாவது அப்பீல், அதற்கும் ஆறு மாதம். நவம்பர் லெட்டருக்குப் பிப்ரவரியில் அனுப்பியிருப்பதால் காலத்துக்குள் இருக்கிறது. நினைவூட்டல் எழுதி முடிவை வாங்கிக்கொண்டு இரண்டாவது அப்பீல் போடுவதே முறை.

வழக்குத்தாள்
முறைதான், ஆனா இனி காத்திருந்தா நஷ்டம் அப்பாவுக்கு. அப்பீல் போட்டு ஆறு மாசத்துல பதில் இல்லைன்னா, ஏ.எஃப்.டி. சட்டம் 21-ம் பிரிவுப்படி வழியெல்லாம் முடிஞ்ச மாதிரிதான். நேரா சென்னை பெஞ்சுல ஓ.ஏ. (மூல மனு) போடலாம். 22-ம் பிரிவு காலக்கெடு தாண்டிட்டதால தாமத மன்னிப்பு மனு கூடவே போகணும். பென்ஷன் மாசாமாசம் தொடர்ற பாதிப்பு, அதனால தாமதத்துக்காக மட்டும் பெரும்பாலும் தள்ள மாட்டாங்க. ஆனா 2008 தர்செம் சிங் தீர்ப்பைக் காட்டி அரியர்ஸை மனு போட்ட தேதிக்கு முந்தின மூணு வருஷத்தோட நிறுத்திடுவாங்க. மேல சொன்ன கணக்குல ஒவ்வொரு மாசத் தாமதத்துக்கும் 6,765 ரூபாய் பின்னாடி இருந்து உதிருது. அந்த ஸ்பீடு போஸ்ட் ரசீது தங்கம் மாதிரி. ரசீது மை அழியும், இன்னைக்கே நகல் எடுத்துடுங்க.

காட்பாடி_ஜங்ஷன்
நான் ஸ்பர்ஷ்னு சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். ஆர்டர் வந்த பிறகு புது பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) மட்டும் அங்க தெரியும்.

கணியம்பாடி_ரோடு
(ஏழு வாரம் கழித்து)
ஆர்.டி.ஐ. பதில் வந்தது. முன்னாடி இருந்ததா, அலட்சியமா, ரெண்டுக்கும் "இல்லை"ன்னுதான் இருக்கு. ஆனா பிபி ஆரம்பிச்ச இடம்னு குப்வாரா போடல, பீஸ்னு போட்டிருக்காங்க. அப்பா அப்போ லீவுல ஊருக்கு வந்தப்ப மயக்கம் வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, அங்க கண்டுபிடிச்சதாம். இது போச்சா?

வழக்குத்தாள்
போகல. கண்டுபிடிச்ச இடம் வேற, பணியில இருந்த இடம் வேற. லீவுல போனாலும் அவர் ஃபீல்டு யூனிட்டோட ஆளு, பாரா 43 பணியைத்தான் பார்க்குதுன்னு வாதாடணும். அந்த லீவுக்கான பார்ட் டூ ஆர்டரும் (யூனிட் பதிவு உத்தரவு), 2014-ல யூனிட் குப்வாரால இருந்த தேதியும் இன்னொரு ஆர்.டி.ஐ.யில கேளுங்க. ஆஸ்பத்திரி அட்மிஷன் தேதி லீவு தேதிக்குள்ள வருதான்னு ஒத்துப் பாருங்க. மனுவுக்கு அது வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், பின்னாடி கூடுதல் ஆவணமா சேர்த்துக்கலாம். ஓ.ஏ.வுல அப்பா கையெழுத்து ஆயிடுச்சா?

பாலாறு_72
லீவுக்கு எத்தனை நாள் முன்னாடி மலையில இருந்து இறங்கினார்னும் அப்பாகிட்ட கேட்டு எழுதி வச்சுக்கம்மா.