விசாரணை ஆணையம் போட்டாச்சு, அடுத்து என்ன? – அனுபவப் பகிர்வு

தஞ்சை வக்கீல்:
பெரிய விபத்திலோ துப்பாக்கிச்சூட்டிலோ ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள், அரசு விசாரணை ஆணையம் போட்டதும் கிரிமினல் கேஸை மறந்துவிடுவதுதான் முதல் தப்பு. 1952 விசாரணை ஆணையச் சட்டத்தில் யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை, பரிந்துரை மட்டும்தான். அங்கே ஒருவர் சொன்னதை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர, அவருக்கு எதிராக வேறு கேஸில் பயன்படுத்தவும் பிரிவு 6 விடாது. "அதிகாரி ஒத்துக்கொண்டார்" என்ற பேப்பர் கட்டிங்கால் பிரயோஜனமில்லை. அதே விஷயம் போலீஸ் கேஸில் ஆவணமாக ஏற வேண்டும்.

ஆணையத்தை அமைத்த அரசாணையில் ஆய்வு வரம்புகளை, அதாவது ஆணையம் எதையெல்லாம் விசாரிக்கலாம் என்பதை, படியுங்கள். "சம்பவத்துக்கான காரணங்கள்" என்று மட்டும் இருந்தால் காரணம் வரும், பெயர் வராது. "பொறுப்பானவர்கள் யார்" என்ற வரி இல்லையென்றால் முதல் வாரமே மனு கொடுங்கள்.

பிரமாணப் பத்திரத்தில் பார்த்ததையும் கேள்விப்பட்டதையும் கலக்கவே கூடாது. எத்தனை மணி, எந்த இடத்தில் நின்றீர்கள், அங்கிருந்து என்ன தெரிந்தது, அவ்வளவுதான். "எல்லாரும் சொன்னாங்க" என்று ஒரு வரி இருந்தால் போதும், குறுக்கு விசாரணையில் அதைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் உடைத்துவிடுவார்கள்.

ரெவின்யூ ஆள்:
நிவாரணத் தொகைக்கு இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், பாஸ்புக். சிக்குவது எப்போதும் இனிஷியலில்தான். ஆதாரில் அப்பா இனிஷியல், பாஸ்புக்கில் புருஷன் இனிஷியல் என்றால் பணம் திரும்பிவிடும். இறப்புச் சான்றில் எழுத்துப் பிழை இருந்தால், வாரிசுச் சான்றுக்கு மனு போடுவதற்கு முன்பே திருத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டையும் திருத்த அலைய வேண்டும்.

முதல்வர் நிதியில் வருவது கருணைத் தொகை. அதை வாங்கினால் கோர்ட்டில் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. ரசீதில் "முழு இழப்பீடாகப் பெற்றுக்கொண்டேன்" என்று இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தஞ்சை வக்கீல்:
கும்பகோணம் பள்ளித் தீ 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். நீதிபதி சம்பத் ஆணையம் தனி, கேஸ் தனி. தஞ்சாவூர் கோர்ட் தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30: பத்துப் பேருக்குத் தண்டனை, பதினொரு பேர் விடுதலை. பிறகு ஹைகோர்ட்டில் தண்டனை இன்னும் சுருங்கியது. இத்தனை வருஷம் இழுக்கும் கேஸில் சாட்சி மறந்துவிடும், கோப்புதான் நிற்கும். கூரை கீற்றா ஓடா, மாடிப்படி எத்தனை என்று பார்த்து எழுதி, அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட்டது யார்? அந்தக் கோப்பின் நகலை முதல் மாதமே தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆபீஸ் இடம் மாறும்போது பழைய கட்டுகள் காணாமல் போகும்.

கோட்டை நிருபர்:
ஆணைய அறிக்கை அரசிடம் போன தேதியைக் குறித்து வையுங்கள். அதே 1952 சட்டத்தின் பிரிவு 3(4) படி ஆறு மாதத்துக்குள், அரசு என்ன செய்தது என்று சொல்லும் நடவடிக்கைக் குறிப்போடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு பற்றிய நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022 மே மாதம் போனது, அக்டோபரில் அவைக்கு வந்தது. அவைக்கு வருமுன் அறிக்கை நகல் கேட்டால் சட்டமன்ற உரிமை மீறல் என்று சொல்லி மறுப்பார்கள். அதனால் பெறப்பட்ட தேதி, கோப்பு இப்போது எந்தத் துறையில் என்று மட்டும் கேளுங்கள். நடவடிக்கைக் குறிப்பில் "பரிசீலனையில் உள்ளது" என்பதை, ஒன்றும் நடக்கவில்லை என்று படிக்கவும்.

தணிக்கை அறிக்கையையும் விடாதீர்கள். 2015 சென்னை வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்தது பற்றி 2018இல் அவையில் வைத்த சிஏஜி (மத்திய கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை பேசுகிறது.

பழைய ரயில்வே:
ராஜினாமா கேட்கிறவர்களுக்கு ஒரு வரி. 1956 நவம்பரில் அரியலூர் மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்ததும் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவரே பொறுப்பு என்பதற்காக அல்ல, முன்னுதாரணமாக இருக்கட்டும் என்றுதான் நேரு அதை ஏற்றார். பாலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் யார் என்பது வேறு கேள்வி.

தஞ்சை வக்கீல்:
அந்தக் கேள்வி மாட்டுவது, அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அரசின் அனுமதி என்ற இடத்தில்தான். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (BNSS) 218ஆம் பிரிவில், 120 நாளில் அரசு பதில் சொல்லாவிட்டால் அனுமதி தந்ததாகவே கணக்கு. போலீஸ் அனுமதி கேட்ட கடிதம் அரசுக்குக் கிடைத்த தேதியை வாங்கி வையுங்கள்.