மைப்படர்வு ஓவியம்: ‘சுய்போகுகா’வுக்கு ஒரு சொல்

அன்புடையீர்,

நீர்த்த மையைப் படரவிட்டுத் தீட்டுவதும், ஜப்பானியர் ‘சுய்போகுகா’ என்று வழங்குவதுமான ஓவிய முறைக்கு இந்த உரையாடல் இழையில் ‘நீர்வண்ண ஓவியம்’, ‘நீர்மை ஓவியம்’ என்ற இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஜப்பானிய ஓவியர்களான மாருகி ஈரி, மாருகி தோஷி இணையரின் அணுகுண்டு ஓவியங்களைப் பற்றிய கட்டுரைக்காகவே இச்சொல் தேவைப்படுவதால், அவ்வோவியங்கள் உருவான விதத்தைக் கொண்டே இவற்றை உரசிப் பார்க்கலாம்.

‘நீர்வண்ணம்’ வேறொரு முறைக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட பெயர். சுய்போகுகாவுக்கு அடிப்படை வண்ணமன்று, புகைக்கரியை விலங்குப் பசையுடன் பிசைந்து உலர்த்திய கட்டியை நீர்விட்டுக் கல்லில் உரைத்தெடுக்கும் மை. விளக்குப் புகையிலிருந்து கண்மை கூட்டுவதை அறிந்த நமக்கு ‘மை’ என்ற சொல்லே அதற்குப் போதும். ‘நீர்மை’யிலோ அந்த மை மறைந்துபோகிறது. சொல்லின் இறுதியில் நிற்கும் ‘மை’யைப் பண்புப்பெயர் விகுதியாகவே எவரும் படிப்பர், ‘படர்மை’ என்றாலும் இதே இடர்தான். ஆகவே மை முதலில் நிற்கட்டும்: மைப்படர்வு ஓவியம்.

‘மையோவியம்’ என்று சுருக்கினால் பேனாவால் வரையும் கோட்டோவியமும் அதில் அடங்கிவிடும். படர்வே இங்கு வேறுபாடு. 1945இல் அணுகுண்டு வீசப்பட்ட சில நாட்களில் ஈரி தம் சொந்த ஊரான ஹிரோஷிமாவுக்குச் சென்றார், தோஷியும் பின்தொடர்ந்தார். 1950இல் ‘ஆவிகள்’ என்ற முதல் ஓவியத்தில் தொடங்கி 1982 வரை இருவரும் சேர்ந்து 15 ஓவியங்களை முடித்தனர். எண்ணெய் வண்ணத்தில் பயின்ற தோஷி எரிந்த உடல்களைத் துல்லியமான கோடுகளில் வரைய, மை ஓவியரான ஈரி அவற்றின்மேல் நீர்த்த மையை ஊற்றிப் படரவிட, மங்கிய உருவங்களைத் தோஷி மீண்டும் வரைந்து மீட்டார். உடல்கள் இருளில் கரைவதும் அதிலிருந்து வெளிப்படுவதுமாகத் தோன்றுவதற்கு இந்தப் படர்வே காரணம்.

1972இல் வரைந்த 14ஆவது ஓவியமான ‘காகங்கள்’ இதற்குத் தக்க சான்று. அணுகுண்டுக்குப் பலியாகி, சாவிலும் ஒதுக்கப்பட்ட கொரியர்களின் உடல்களைக் காகக் கூட்டம் மொய்க்கிறது. அந்தக் கருமைக்கு நடுவே கொரிய மரபுடை வெண்மையாய் மிதக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் வரைந்தது ஹிரோஷிமாவில் மாண்ட அமெரிக்கப் போர்க்கைதிகளை. தம் நாட்டவரின் துயரோடு நின்றுவிடாத இந்தப் போர் எதிர்ப்பே, என் கணிப்பில், அவர்களது ஆகப்பெரிய துணிவு. பின்னர் அவர்கள், சீனாவில் ஜப்பானியப் படை நிகழ்த்திய நான்கிங் படுகொலையையும் வரைந்தார்கள்.

இன்னொன்று: கட்டுரை வரைவில் இத்தொடருக்கு இட்டுள்ள ‘ஹிரோஷிமா பலகைகள்’ என்பது ‘Hiroshima Panels’ என்ற ஆங்கிலப் பெயரின் நிழல் மட்டுமே. இவை மரப்பலகைகள் அல்ல. ஒவ்வொன்றும் எட்டு மடிப்புகளுடன், 1.8 மீட்டர் உயரமும் 7.2 மீட்டர் நீளமும் கொண்டவை. ‘மடக்குத்திரை’ என்பது எளிது. தொடரின் பெயராக ‘அணுகுண்டு ஓவியங்கள்’ என்பதே இருக்கட்டும், ஏனெனில் கடைசி ஓவியத்தின் பொருள் நாகசாகி. மறுப்பு இல்லையெனில் கட்டுரையின் முதல் வரியை இவ்வாறு திருத்தலாம்: “அணுகுண்டு ஓவியங்கள் என்பவை மாருகி இணையர் மடக்குத்திரைகளில் தீட்டிய 15 மைப்படர்வு ஓவியங்கள்.”