சோலார் போட்டவங்க சொல்லுங்க: பில் உண்மையிலேயே குறைஞ்சுதா?

சிப்புட் வாத்தியார்

நம்ம மலேசியா, பேராக் சுங்கை சிப்புட்ல இப்போ எந்த தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) போனாலும் ரெண்டு மூணு கூரையில சோலார் பலகை தெரியுது. பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில கூட மேசை போட்டு விக்கிறாங்க. விக்கிறவங்க பேச்சு எல்லாருக்கும் மனப்பாடம். போட்டவங்க என்ன சொல்றாங்கன்னு கேக்கத்தான் இதைத் தொடங்குறேன். முதல்ல என் கதை.

2023ல, நெம் ரக்யாட் திட்டத்துல போட்டேன். கூரையில மிஞ்சுற கரன்ட்டைக் கம்பிக்கு அனுப்பி பில்லுல கழிச்சுக்கிற அரசாங்கத் திட்டம் அது. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு அப்போ 4 கிலோவாட்தான் உச்சம். என் வீட்ல மாசம் 700 யூனிட் கிட்ட ஓடும். மகன் வீட்லயிருந்தே வேலை, அவன் அறை ஏர்கோனுக்கு ஓய்வே கிடையாது. பழைய கட்டணத்துல முதல் 200 யூனிட் 21.8 சென், 300ஐத் தாண்டினா 51.6 சென், 600ஐத் தாண்டினா 54.6 சென். சோலார் முதல்ல வெட்டுறது அந்த மேல் படியைத்தான். 280 வெள்ளி (ரிங்கிட்) வந்துக்கிட்டு இருந்த பில் 60, 70க்கு இறங்குச்சு. செலவு 20 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் கணக்குப்படி ஏழெட்டு வருஷத்துல போட்ட காசு கைக்கு வரணும், ஒப்பந்தம் பத்து வருஷத்துக்கு. ஆனா 2025 ஜூலையில கட்டண முறையையே மாத்திட்டாங்க, அதனால இப்போ மறுபடியும் பேப்பர் பேனாவோட உக்காந்திருக்கேன். கணக்கு வாத்தியாருக்கு ரிட்டையர்மென்ட்டே இல்ல போல.

முறுக்கு அக்கா

வாத்தியார், என்னோடது திரீ ஃபேஸ். வீட்லயே பலகாரம் போடுறேன். ரெண்டு பிரீசர், கிரைண்டர், மாவு மெஷின். தீபாவளிக்கு முந்தின மாசம் பில்லைப் பார்த்தா வீட்டுக்காரர் என்னைப் பார்க்குற பார்வையே வேற. 2024ல போட்டோம். அந்த ஏப்ரல்லதான் சோலாரிஸ்னு அரசாங்கச் சலுகை வந்திருந்தது, கிலோவாட்டுக்கு 1,000 வெள்ளி, உச்சம் 4,000. அது கிடைச்சுது.

பில் பத்தி எனக்குக் குறையே இல்ல. குறையெல்லாம் கூரை மேலதான். பலகை மாட்ட வந்த பசங்க ஓட்டு மேல நடந்து நாலஞ்சு ஓட்டைக் கீறிட்டுப் போயிட்டாங்க. அடுத்த மழைக்கு சாமி அறையில ஒழுகுது! போன் அடிச்சா, அது கூரைக்காரன் வேலைங்கறாங்க. கூரைக்காரனைக் கூப்பிட்டா, பலகையைக் கழட்டாம கை வைக்க மாட்டேங்கறான். கடைசியில நாங்கதான் காசு கொடுத்து சரி பண்ணோம். போடப் போறவங்க ஒழுகலுக்கு எத்தனை வருஷம் பொறுப்புன்னு எழுத்துல வாங்கிக்குங்க. பலகைக்கு 25 வருஷ வாரண்டின்னு காட்டுற தாள்ல கூரையைப் பத்தி ஒரு வரி இருக்காது.

பழைய தாமான்

எங்க அம்மா மட்டும்தான் வீட்ல. ஒரு ஐஸ்பெட்டி, காத்தாடி, டி.வி. மாசம் 180 யூனிட்டைத் தாண்டாது. பசார் மாலாம் ஆள் அவங்களையும் விடல, "பில்லே வராது பாட்டி"ன்னு தாளை நீட்டிட்டான். புதுக் கட்டணத்துல 200 யூனிட்டுக்குள்ள இருந்தா யூனிட்டுக்கு 25 சென் சலுகை. அம்மாவுக்கு மொத்தமே 35 வெள்ளி கிட்டதான். அதை மிச்சம் பிடிக்க 15 ஆயிரம் கடனா? பிள்ளைங்க எல்லாம் கோலாலம்பூர்லயும் ஜொகூர்லயும் இருந்து, அம்மா அப்பா மட்டும் இருக்கிற வீடு நம்ம ஊர்ல நிறைய. அவங்க யாரும் இதுல கையெழுத்துப் போடாதீங்க.

தோட்டத்துப் பையன்

எங்க லயத்துல மீட்டரே தோட்டத்து பேர்ல. கூரையும் அவங்களோடது. அப்பா ரிட்டையர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும். அதனால படிச்சுட்டு மட்டும் போறேன்.

வயர்மேன்

தம்பி, சொந்த வீடு வரட்டும், அப்போ கூப்பிடு, வந்து மாட்டித் தரேன்.

நான் 2019ல என் வீட்லயே போட்டவன். அந்த வருஷம் செப்டம்பர் புகைமூட்டம் ஞாபகம் இருக்கா? போன்ல பார்த்தா உற்பத்தி அப்படியே படுத்துடுச்சு. வெயில் அடிக்கிற ஊர்தான், ஆனா மத்தியானம் மூணு மணிக்கு மேல மேகம் கட்டிடும். அதனால கிழக்குப் பக்கக் கூரை கிடைச்சா விடாதீங்க. தெற்கு பார்த்துத்தான் வைக்கணும்கறது வெளிநாட்டுப் பேச்சு, நாம பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கோம்.

இன்னொண்ணு. கரன்ட் போனா சோலாரும் நின்னுடும். என்னைத் திட்டாத வாடிக்கையாளர் இல்ல, "வெயில் எரியுது, காத்தாடி ஓடலையே"ன்னு. பேட்டரி இல்லாத சிஸ்டம்ல இன்வெர்ட்டர் (பலகைக் கரன்ட்டை வீட்டுக் கரன்ட்டா மாத்துற பெட்டி) தானா நின்னாகணும். இல்லன்னா லைன்ல வேலை பார்க்குற தெனாகா (மின்சார கம்பெனி) ஆள் மேல நம்ம கூரைக் கரன்ட் பாயும். அப்புறம் இடி. நம்ம பக்கம் இடிக்குப் பஞ்சமில்ல, சர்ஜ் புரொடெக்டரும் எர்த்தும் ஒழுங்கா போட்டிருக்கான்னு பாருங்க. மாட்ட ஆளை எடுக்கும்போது சேடா (சோலாரைக் கவனிக்கிற அரசாங்க அமைப்பு) பதிவு இருக்கான்னு அவங்க இணையப் பக்கத்துலயே பார்த்துடுங்க.

ஈப்போ ஓட்டம்

அண்ணே, நானும் வீட்டுக்காரரும் ஈப்போவுல வேலை. காலையில ஏழு மணிக்குப் பூட்டினா சாயங்காலம்தான் திறப்போம். மாசம் 550 யூனிட், பெரும்பாலும் ராத்திரி ஏர்கோன். இப்போ நெம்முக்கு அப்புறம் வந்த அதாப் திட்டத்துல 5 கிலோவாட் போடச் சொல்றாங்க. போடலாமா?

வயர்மேன்

தங்கச்சி, வாத்தியாரும் அக்காவும் சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நெம்ல தெனாகா கம்பி நமக்கு சேமிப்புக் கணக்கு மாதிரி. பகல்ல ஒரு யூனிட் போட்டா ராத்திரி ஒரு யூனிட் எடுக்கலாம், வீடு பூட்டியிருந்தாலும் நட்டமில்ல. அதுல புதுசா சேர்றது 2025 ஜூன் 30ஓட முடிஞ்சுது. 2026 ஜனவரி 1லருந்து அதாப்.

இப்போ கணக்கு வேற. 1,500 யூனிட்டுக்குள்ள இருக்கிற வீட்டுக்கு யூனிட் விலை மூணு துண்டு: எரிசக்தி 27.03 சென், கெபாசிட்டி 4.55, நெட்வொர்க் 12.85. கூட்டினா 44.43. பகல்ல நீங்களே செலவழிக்கிற யூனிட்டுக்கு அவ்வளவும் மிச்சம். கம்பிக்கு அனுப்பினா 27.03 மட்டும்தான். அந்த மாசத்துல கழியாம மிஞ்சினது அடுத்த மாசத்துக்கும் வராது.

5 கிலோவாட்டுன்னா மாசம் 500, 550 யூனிட் வரும். பகல்ல உங்க வீட்ல ஓடுறது ஐஸ்பெட்டி ஒண்ணுதான், மீதியெல்லாம் மலிவு விலைக்குப் போகும். என் யோசனை, ரெண்டரை மூணு கிலோவாட்டோட நிறுத்துங்க. துணி மெஷினுக்கு டைமர் வைச்சு மத்தியானம் ஓட விடுங்க. பேட்டரி வாங்குற எண்ணம் இருந்தா இன்வெர்ட்டரை மட்டும் ஹைப்ரிட்டா (பேட்டரியும் மாட்டக்கூடியதா) எடுங்க, பேட்டரி விலை இறங்கினதும் சேர்த்துக்கலாம்.

முறுக்கு அக்கா

அவங்க மாமியார் பகல்ல வீட்ல இருக்காங்களான்னு கேளுங்க வயர்மேன். என் அனுபவத்துல பாதி கரன்ட் அங்கதான்.

ஈப்போ ஓட்டம்

அக்கா, மாமியார் வர்றது அடுத்த வருஷம்! அப்போ ஏர்கோன் பகல்லயும் ஓடும்னு வைச்சுக்கலாம். அண்ணே, மூணுக்கே விலை கேக்குறேன். பின்னாடி சேர்க்க இடம் விட்டு மாட்ட முடியுமா?

வயர்மேன்

முடியும், ஆனா பின்னாடி சேர்க்கணும்னா அனுமதி விண்ணப்பம் மறுபடியும் போடணும், அதையும் விலையில கேட்டுக்குங்க. கூரைப் படம் நாலு பக்கமும் எடுத்து அனுப்புங்க. பக்கத்து வீட்டு மாமரம் தெரியுற மாதிரி.