பத்து மணிக்கே குலைந்துபோகும் நேர அட்டவணை: என்ன செய்யலாம்?

கல்லடி:
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். காலை 8.30க்கு மாதாந்த முன்னேற்ற அறிக்கையைத் திறப்பேன். இரண்டு வரி நிரப்புவதற்குள் வாட்ஸ்அப்பில் "உடன் அனுப்பவும்" என்று ஒரு படிவம் வரும். அதற்கான விவரங்களைத் தேடும்போதே, விடியப் புறப்பட்டு பஸ் பிடித்து வந்த ஓர் அம்மா மேசை முன்னால் நிற்பார். அவரைக் காக்கவைக்க மனம் வராது. மாலை 4.15க்கு எழும்பும்போது எல்லாமே அரைகுறை. வீட்டில் மகளுக்குச் சோறு போடும்போதும் அந்த அறிக்கைதான் தலைக்குள். இப்படியான அலுவலகங்களில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அக்கரைப்பற்று:
சகோதரி, பொமோடோரோ முறையைச் செய்து பாருங்கள். 1980களின் இறுதியில் இத்தாலியர் பிரான்செஸ்கோ சிரில்லோ வகுத்தது: 25 நிமிடம் ஒரே வேலை, 5 நிமிடம் ஓய்வு. கணக்கு வேலைக்கு எனக்கு நன்றாகக் கைகொடுக்கிறது.

களுவாஞ்சிக்குடி:
தங்கச்சி, தம்பி சொல்வது ஆள் வராத மேசைக்குச் சரி. வந்து நிற்கும் அம்மாவிடம் மணி அடிக்கும்வரை பொறுங்கள் என்று சொல்ல முடியுமா? நான் தலைமை இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மேசையில் ஓர் அப்பியாசக் கொப்பி விரித்தபடியே கிடக்கும். ஆள் வந்தால், நிமிர்வதற்கு முன் ஒரு வரி எழுதுவேன். உங்களுக்கென்றால் இப்படி: "வாழ்வாதார அட்டவணை, ஆயித்தியமலை முடிந்தது, அடுத்தது உன்னிச்சை." பேனையை மூடிவிட்டு அந்த அம்மாவை முழுமனதோடு கவனியுங்கள். அவர் போனதும் விட்ட இடத்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

வந்தாறுமூலை:
ஐயா சொன்னதற்கு ஆய்வும் இருக்கிறது. பாதியில் விட்ட வேலையிலேயே கவனத்தின் ஒரு பங்கு தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். எங்கே விட்டோம், திரும்பியதும் என்ன செய்வோம் என்று சுருக்கமாகக் குறித்துக்கொண்டவர்கள் அடுத்த வேலையை நன்றாகச் செய்தார்கள் என்பதை, தெரேசா குளோம்புடன் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

கல்லடி:
மிக்க நன்றி ஐயா. கொப்பி நாளைக்கே வாங்குகிறேன். வாட்ஸ்அப்பை என்ன செய்வது?

களுவாஞ்சிக்குடி:
பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் மட்டும் பாருங்கள் அம்மா. அதை உங்கள் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே அவசரமென்றால் தொலைபேசியில் அழைப்பார். மாரி மழையில் வெள்ள நிவாரணப் பட்டியல் தொடங்கினால் இதெல்லாம் நடக்காது. அந்த நாட்களில் நேர அட்டவணையை மூடிவையுங்கள், கொப்பியை மட்டும் விடாதீர்கள்.