அல்நாரில் 9-லிருந்து 5.5: இது கண்டக்‌ஷன் பிளாக்தானா (சிக்னல் வழியில் தடைபடுவதா)?

கேள்வி:
58 வயது, 12 வருடச் சர்க்கரை, இரண்டு பாதமும் மரத்துப்போகிறது. நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்டில் சூரல் (கெண்டைக்கால் உணர்ச்சி நரம்பு) இரு பக்கமும் வரவில்லை. பெரோனியல் (கால் நரம்பு) மோட்டார் (தசையை இயக்கும் நார்கள்), பாதத்துத் தசையில் பதிவு: ஆம்ப்ளிட்யூட் (அலையின் உயரம்) 0.8 மில்லிவோல்ட், டிஸ்டல் லேட்டன்சி (கணுக்காலில் தூண்டியபின் அலை வர ஆகும் நேரம்) 6.1 மில்லிசெகண்ட், வேகம் 33 மீ/வி. அல்நார் (கையில் சுண்டுவிரல் பக்க நரம்பு) மோட்டார்: மணிக்கட்டில் தூண்டினால் 9, முழங்கைக்குக் கீழே தூண்டினால் 5.5 மில்லிவோல்ட். ரிப்போர்ட் 'மயலின் சேதம், சிஐடிபி இருக்கலாம்' என்கிறது (மயலின்: நரம்பு நாரின் உறை; சிஐடிபி: நோயெதிர்ப்பு அமைப்பே அந்த உறையைத் தாக்கும் நாள்பட்ட நோய்). ஒத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
பெரோனியலை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. வேகத்தின் கீழ்வரம்பு 40 என்றால், சிஐடிபிக்கு அது 30 சதவீதமாவது குறைந்து 28-க்கு வர வேண்டும். லேட்டன்சியும் இயல்பு வரம்பான 6.5-க்குள்தான். வேகமாகக் கடத்தும் தடித்த ஆக்ஸான்கள் (உறைக்குள் இருக்கும் நரம்பு நார்கள்) போய்விட்டால் மிச்சமிருப்பவை 33-ல்தான் ஓடும்.

பாதத்தின் வெப்பநிலை எங்கே? ஒரு டிகிரி குறைந்தால் வேகம் சுமார் 2 மீ/வி குறையும். பாதம் 30 டிகிரிக்குக் கீழே என்றால் வெதுவெதுப்பான நீரில் வைத்து மறுபடி எடுங்கள். சூட்டைக் கையால் பார்த்துவிட்டு வையுங்கள். மரத்த பாதம் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. குளிரில் ஆம்ப்ளிட்யூட் கூடத்தான் செய்யும், அதனால் 0.8 குளிரால் வந்ததல்ல.

பதில் 2:
அல்நார்தான் ஆளை ஏமாற்றும் இடம். 39 சதவீதச் சரிவு, எண்ணை மட்டும் பார்த்தால் பிளாக்தான். அலை ஏறுவது நின்ற பிறகு கரண்டை இன்னும் 20 சதவீதம் கூட்டினார்களா? முழங்கைப் பக்கம் கரண்ட் போதாவிட்டால் போலி பிளாக் வரும்.

கூட்டியும் மாறாவிட்டால் மார்ட்டின்-குரூபர் இணைப்பைத் தேடுங்கள். எலக்ட்ரோடைச் சுண்டுவிரல் பக்கத் தசையிலேயே விட்டுவிட்டு மீடியனை (கையின் நடு நரம்பு) முழங்கை மடிப்பில் தூண்டுங்கள். 3.5 அளவில் அலை வந்து, மணிக்கட்டில் மீடியனைத் தூண்டும்போது வராவிட்டால், சில நார்கள் முன்கையில் மீடியனிலிருந்து அல்நாருக்குத் தாண்டுகின்றன. பிறவி அமைப்பு, நோயல்ல.

கேட்டவர்:
மறுபடி எடுத்தாயிற்று. மீடியன் முழங்கையில் 3.4, மணிக்கட்டில் எதுவுமில்லை. பாதம் 28 டிகிரியாக இருந்தது. 31-க்கு ஏற்றியதும் வேகம் 38. சூரல் இன்னும் இல்லை, கை சென்சரி (உணர்ச்சி நரம்புகள்) எல்லாம் நார்மல்.

பதில் 2:
அப்படியானால் நீளத்தைப் பொறுத்த ஆக்ஸான் சேதம் (நீளமான நரம்புகள் முதலில் கெடுவது). சிஐடிபியில் சிலருக்குக் கை சென்சரி முதலில் கெட்டு, சூரல் மிஞ்சும்; இங்கே நேர் தலைகீழ். இம்யூனோகுளோபுலின் (சிஐடிபிக்குத் தரும் மருந்து) பேச்சுக்கு இடமில்லை. மெட்ஃபார்மின் எடுக்கிறார் என்றால் பி12 பாருங்கள்.

பதில் 1:
இன்னொன்று: செருப்பு, ஷூ அழுத்தியே பாதத்துத் தசை சூம்பியிருக்கலாம். டிபியாலிஸ் ஆன்டீரியரிலும் (முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை) பெரோனியலைப் பதிவு செய்துவிட்டு ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.